அட்மின் முனிரத்தினம்

அந்த ஓரத்தில் உட்காராதீர்கள் தம்பி, ஆணி துருத்திக்கொண்டிருக்கிறது, பேண்ட் கிழிந்துவிடும். இப்படி நகர்ந்து வாருங்கள். காலையிலிருந்து இந்தப் பெஞ்சிலேயே கிடக்கிறேன், அதனால் சொல்கிறேன். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தீர்களா? அப்படியென்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஏட்டு சாப்பிட்டுவிட்டு வந்து கூப்பிடுவார்.

நான் வந்தது வேறு விஷயம். என்னைப் பார்த்தால் ஊர்ப் புளியை நாசம் பண்ணினவன் மாதிரி இருக்கிறதா? எஸ்.ஐ. சாப்பிடப் போயிருக்கிறார். "வந்து மறுபடி கேட்பேன், அதுக்குள்ள ஒழுங்கா யோசிச்சு வை" என்று சொல்லியிருக்கிறார். யோசிக்கிறேன். தனியாக யோசித்தால் செக்கு மாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்றுகிறது. உங்களுக்கும் நேரம் போகவேண்டும். கேளுங்கள்.

பெரிய ரோட்டில் வரும்போது நீல நிறத்தில் ஜன்னலே இல்லாத ஒரு கட்டடம் பார்த்திருப்பீர்கள். புளி கோல்டு ஸ்டோரேஜ். எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் புளி பாதி அதற்குள்தான் தூங்குகிறது. மாசி, பங்குனியில் உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுத்துக் கொண்டுவந்து போடுவார்கள். விலை ஏறும்போது எடுத்து விற்பார்கள். உள்ளே குளிர் இருந்தால்தான் புளி செக்கச்செவேல் என்று இருக்கும். குளிர் போனால் கறுத்துவிடும். கறுத்த புளியை யாரும் கையால் தொடமாட்டார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும் உங்களுக்கு.

அங்கே நான்தான் அட்மின்.

சிரிக்காதீர்கள் தம்பி. காலையில் ஏட்டும் இப்படித்தான் சிரித்தார்.

முன்பு அங்கே இருந்த ஒரு மேனேஜர், தனக்கு வேண்டிய வியாபாரியின் ரூமுக்கு மட்டும் குளிரைக் கூட்டிவைத்து, மற்றவன் ரூமைக் கவனிக்காமல் விட்டான். பெரிய முதலாளி அவனைத் துரத்திவிட்டுப் புது கம்ப்யூட்டர் வைத்தார். எந்த ரூமுக்கு எத்தனை டிகிரி, குளிர் குறைந்தால் அலாரம் அடிக்க வேண்டுமா வேண்டாமா, எல்லாம் அதில்தான். பார்ப்பது யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மாற்ற வேண்டும் என்றால் அட்மின் விரல் வைக்க வேண்டும். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, விரல் வைத்தால் பச்சை விளக்கு எரியும். கம்பெனிக்காரன் இரண்டு பேர் விரலைக் கேட்டான். பெரிய முதலாளி தன் விரலை வைத்தார். அப்புறம் ஆபீசைச் சுற்றிப் பார்த்தார். பி.காம் படித்த கிளார்க் நிற்கிறான். டிப்ளமோ படித்த மெக்கானிக் நிற்கிறான். நான் லாரியை வெளியே விட்டு கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தேன்.

"முனிரத்தினம், இங்க வா. விரலை நீட்டு."

"எனக்கு எதுக்குங்க மொதலாளி? எனக்கு இதுல ஒரு எழுத்து தெரியாதுங்களே."

"அதனாலதான்டா நீ" என்றார்.

கேட்டீர்களா? அதனாலதான்டா நீ. படித்தவன் கை வைத்துவிடுவான், நீ வைக்கமாட்டாய் என்றுதானே அர்த்தம்? அத்தனை பேர் முன்னால் சொன்னார் அந்த மனுஷன். நான் சாப்பிடுகிற கை வேண்டாம் என்று இடது கை ஆள்காட்டி விரலைக் கொடுத்தேன்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். சொசைட்டியில் கையெழுத்துப் போடத் தெரியாமல் மையில் விரலைத் தேய்த்துக்கொண்டு நிற்கும்போது, "கைநாட்டெல்லாம் அந்தப் பக்கம் போ" என்று ஒதுக்குவார்கள். அதே கைநாட்டுக்கு அன்றிலிருந்து படித்தவர்கள் வந்து காத்து நின்றார்கள். "அட்மின் அண்ணே, ஒரு விரல்" என்பார்கள். கம்ப்யூட்டர் பக்கத்திலேயே எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். யார் கூப்பிட்டாலும் உடனே எழுந்திருக்கமாட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டு, விரலைத் துடைத்து, மெதுவாகத்தான் வைப்பேன். பச்சை எரிந்ததும் திரும்பி நின்றுகொள்வேன்.

ஆமாம், திரும்பி நின்றுகொள்வேன். எதிர்ச் சுவரில் முருகன் காலண்டர் இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏ.டி.எம்.மில் ஒருத்தர் நம்பர் அடித்தால் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லையா? அது மாதிரிதான். அடுத்தவன் வேலை செய்யும்போது எட்டிப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. "முடிஞ்சுதுங்கண்ணே" என்றால்தான் திரும்புவேன். மரியாதையாக நடந்துகொண்டேன். இதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள்.

என் மருமகன் மாதேஷும் அங்கேதான் வேலை. என் மகள் சுகந்தியைக் கட்டிக்கொடுத்ததும் பெரிய முதலாளியிடம் நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். ஐ.டி.ஐ. படித்தவன். தங்கமான பையன் தம்பி. மற்றவர்கள் வேலை ஆகவேண்டும் என்றால்தான் அண்ணே என்பார்கள். அவன் அப்படி இல்லை. டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுத்தான் "மாமா, ஒரு விரல்" என்பான். மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுப்பமாட்டான். "நீங்க சாப்பிடுங்க மாமா, அந்தக் கைதான சும்மா இருக்கு" என்று பெட்டியை என் பக்கம் இழுத்துவைப்பான். நான் வலது கையில் சோறு பிசைந்துகொண்டே இடது விரலை வைப்பேன். மாமனாரின் சோறு ஆறிவிடக்கூடாது என்று எந்த மருமகன் பார்ப்பான் இந்தக் காலத்தில்?

பெரிய முதலாளி போய்ச் சேர்ந்தார். பெங்களூரிலிருந்து மகன் பிரபாகர் வந்தார். அவரோடு வந்ததுதான் சனியன்.

எஸ்தர் என்று ஒரு பெண். சேலத்துக் கம்பெனி. கம்ப்யூட்டரை யார் யார் தொடுகிறார்கள் என்று பார்க்க வந்தவளாம். ஒல்லியாக இருப்பாள், சத்தமாகப் பேசமாட்டாள். சத்தமாகப் பேசுகிறவர்களை நம்பிவிடலாம். வந்ததும் என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள்.

"ஐயா, நேத்து ரெண்டாம் ரூம் செட்டிங் மாத்தினது நீங்களா?"

"நான்தான்."

"எதுக்கு மாத்தினீங்க?"

"வேலை இருந்துச்சு, மாத்தினேன்."

"எத்தனையில இருந்து எத்தனைக்கு?"

ஒரு பெரிய மனுஷனிடம் கேட்கிற கேள்வியா அது? "அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் சிலேட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார், அந்தப் பார்வை.

மறுநாள் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னாள். இனிமேல் வேலை செய்கிறவர்களுக்கு அவரவர் விரல். யார் வந்தார்கள், எதைத் தொட்டார்கள், எத்தனையை எத்தனை ஆக்கினார்கள், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே எழுதிவைத்துக்கொள்ளுமாம். அதை யாரும் அழிக்க முடியாதாம், முதலாளிகூட. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஐயா, உங்க விரலை எடுத்துடறேன். அது உங்களுக்குப் பாதுகாப்பு இல்லைங்கய்யா."

என்னென்னவோ சொன்னாள். எடுத்துடறேன் என்பது ஒன்றுதான் என் காதில் விழுந்தது. பெரிய முதலாளி கொடுத்ததை இவள் யார் எடுக்க?

நேராகப் போய் பெரிய முதலாளி படத்துக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன். சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. லாரிக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கிளார்க் வந்து, "அண்ணே, விரல் போனா என்ன, சம்பளம் அதேதான" என்றான். அவனுக்கு என்ன தெரியும். மாதேஷ் ஒருத்தன்தான் என் பக்கம் நின்றான். "விடாதீங்க மாமா, இது உங்க மானப் பிரச்சினை" என்று என் காதோடு சொன்னான். சின்ன முதலாளியிடமும் அவனே போய்ப் பேசினான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றதாம், கிளார்க் சொன்னான்.

சாயங்காலம் சின்ன முதலாளி வந்தார். பின்னால் அந்தப் பெண்.

"பெரியவரே, உங்க விரலை வச்சா என்னென்ன மாறுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

எல்லாரும் நிற்கிறார்கள் தம்பி. லோடுமேன் பையன்கள்கூட நிற்கிறார்கள். நான் எழுந்து நின்று சொன்னேன். "எனக்குத் தெரியாம அங்க ஒரு முள்ளு நகராதுங்க சின்ன மொதலாளி. என் விரல் பட்டது எல்லாத்துக்கும் நான் பொறுப்பு."

அவர் சிரித்துக்கொண்டே, "விடும்மா, அப்பா வச்ச ஆளு, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அவள் விடவில்லை. நான் சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன். அதையும் கம்ப்யூட்டரில் தட்டி ஏற்றிக்கொண்டாள். "சரிங்கய்யா. ஆனா இனி எல்லாம் உங்க பேர்லதான் பதிவாகும்."

"ஆகட்டும். என் பேர்லயே ஆகட்டும்" என்றேன்.

ஜெயித்துவிட்டேன். அன்று மாதேஷ் பிரியாணி வாங்கிக்கொடுத்தான். அடுத்த நாள் கம்ப்யூட்டரில் காட்டினான். "இதோ பாருங்க மாமா, இதெல்லாம் உங்க பேரு." வரிக்கு வரி, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக. இங்கிலீஷில் என் பேர் இவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரியும். அதன்பிறகு அடிக்கடி காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

அப்புறம் சித்திரை வெயில். இந்த வருஷம் எப்படிக் கொளுத்தியது, உங்களுக்குத் தெரியும். கரண்ட் பில்லைப் பார்த்து சின்ன முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். யார் ஷிப்டில் கரண்ட் குறைகிறதோ அவரை மேனேஜர் ஆக்குகிறேன் என்று சொல்லிவிட்டார். என்ன பாடுபட்டும் மற்றவர்களுக்குக் குறையவில்லை. மாதேஷ் ஷிப்டில் மட்டும் குறைந்தது. அவன் கைராசி அப்படி. மிஷின்கூட ஆள் பார்த்துத்தான் ஓடும் தம்பி. ஆனி மாதம் மேனேஜர் ஆனான். சுகந்தி வீட்டுக்கு வீடு லட்டு கொண்டுபோய்க் கொடுத்தாள். என் சம்பந்தி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நம் ஆள் ஒருத்தன் கண்ணாடி ரூமில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொல்ல வராது.

ஆடியில் சென்னம்மா வந்தாள். பர்கூர்ப் பக்கத்து வியாபாரி. புருஷன் இல்லை. மரம் மரமாகக் குத்தகைக்கு எடுத்து, ஊர்ப் பெண்களை வைத்துக் கொட்டை எடுத்து, இந்த வருஷத்துப் புளி மொத்தத்தையும் மூன்றாம் ரூமில் போட்டிருந்தாள். லாரியோடு வந்திருந்தாள். கதவைத் திறந்தார்கள். திறந்தால் புகை மாதிரி குளிர் வந்து காலில் மோதும். அன்று வரவில்லை. புளித்த வாடைதான் வந்தது. மூட்டையைப் பிரித்தாள். தார் மாதிரி கறுப்பு. இன்னொன்று பிரித்தாள். அதுவும் கறுப்பு. அவள் கத்தவில்லை. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். "நல்லாத்தான் இருக்கு. கொழம்புக்கு ஆகும்" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

அந்த ரூமில் புளி போட்டவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். சின்ன முதலாளி எஸ்தரை வரச்சொன்னார். அவள் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துப் படித்தாள். மூன்றாம் ரூம், ஏழு டிகிரி இருபத்திரண்டு ஆக்கப்பட்டிருக்கிறது. அலாரம் அணைக்கப்பட்டிருக்கிறது. சித்திரையிலிருந்து பல தடவை. எல்லாம் மத்தியானச் சாப்பாட்டு நேரம். பேர், முனிரத்தினம். அடுத்தது, முனிரத்தினம். அதற்கடுத்ததும் முனிரத்தினம்.

சென்னம்மா என்னைப் பார்த்தாள். "ஏண்ணா, நான் உனக்கு என்ன பண்ணேன்?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மாதேஷ் கண்ணாடி ரூமுக்குள் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பாவம், மாமனார் இப்படி மாட்டிக்கொண்டால் அவன் எந்த முகத்தோடு பேசுவான். அன்றிலிருந்து லீவு. போன் போட்டால் எடுப்பதில்லை. சுகந்திதான் எடுக்கிறாள், எடுத்து அழுகிறாள். "அப்பா, அவரைப் புடிச்சிட்டுப் போயிடுவாங்களாப்பா? ஏதாச்சும் பண்ணுங்கப்பா" என்கிறாள். பைத்தியக்காரப் பெண். மாட்டிக்கொண்டவன் நான். அவள் அவனுக்காக அழுகிறாள். கைக்குழந்தைக்காரி, தூக்கம் இல்லை, என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசுகிறாள். நானும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இன்று காலையில் எஸ்.ஐ. என்னை உள்ளே உட்காரவைத்தார். அந்தப் பெண் ஒரு லேப்டாப் கொண்டுவந்திருந்தாள். அங்கே கம்ப்யூட்டரில் தெரிகிற அதே படம் இதிலும் வந்தது.

"யோவ் பெரியவரே, நீதான மாத்தினே? எப்படி மாத்தினேன்னு செஞ்சு காட்டு."

விரல் நீட்டினேன். பெட்டி இல்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் கை அப்படியே தொங்கிக்கொண்டு நின்றது. எஸ்.ஐ. என் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்த ஆளா? இவருக்கு ஃபேன் சுவிட்ச் போடத் தெரியுமாய்யா?" என்றார். ஏட்டு சிரித்தார். ஜட்டியோடு நின்றுகொண்டிருந்த ஒரு செயின் திருடன்கூடச் சிரித்தான். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அப்புறம் இதே இடத்துக்கு வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தாள். "ஐயா, நீங்க விரல் மட்டும்தான் வச்சீங்க, வேற எதுவும் தெரியாதுன்னு சொல்லுங்க. பக்கத்துல யார் நின்னாங்கன்னு நீங்க சொல்லக்கூட வேணாம். அதை நான் பார்த்துக்கறேன். நீங்க வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள். கையைக் கூப்பிக் கேட்டாள் தம்பி.

விரல் மட்டும்தானாம்.

இத்தனை வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது என்ன, விரலா? பெரிய முதலாளி கேட்டிலிருந்து கூப்பிட்டது விரலையா? அத்தனை பேரும் அண்ணே அண்ணே என்று வந்து நின்றது இந்தச் சுண்டைக்காய் விரலுக்கா? அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் எந்த மூஞ்சியோடு சோறு தின்பது? "எழுந்து போம்மா" என்றேன். "நல்லா யோசிங்கய்யா, கேஸ் உங்க மேல நின்னா ஜெயிலுங்கய்யா" என்றாள். "போ" என்றேன். போனாள். அதோ, வேப்ப மரத்தடியில் ஸ்கூட்டி மேல் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். இன்னும் போகவில்லை. நான் மனம் மாறுவேன் என்று பார்க்கிறாள்.

விரல் மட்டும்தான் வைத்தேன் என்றால் எஸ்.ஐ. அதோடு விடுவாரா? யாருக்கு வைத்தாய் என்பார். மத்தியானத்தில் வேறு யார் வருவார்கள், கிளார்க்கும் மெக்கானிக்கும் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார்கள். அப்போது வருவது...

அது வேண்டாம். அந்தப் பேச்சு வேண்டாம்.

நான் முடிவு பண்ணிவிட்டேன் தம்பி. உங்களிடம் பேசப் பேசத்தான் தெளிவானது. அன்றைக்கு எல்லார் முன்னாலும் என்ன சொன்னேன்? எனக்குத் தெரியாமல் ஒரு முள் நகராது என்றேன். சொன்னது சொன்னதுதான். நான் சொல்லிப் பார்க்கிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள். "ஐயா, மூணாம் ரூமை இருபத்திரண்டுல வச்சது நான்தான். கரண்டு குறையட்டும்னு வச்சேன். அலாரத்தையும் நான்தான் அணைச்சேன்." சரியாக இருக்கிறதா? எல்லாம் தெரிந்த ஆள் சொல்கிற மாதிரி இருக்கிறதா?

இருபத்திரண்டு எழுதிவிடுவேன், பஸ் நம்பர் படித்துப் பழக்கம். அந்த அலாரம்தான் தெரியவில்லை. மறுபடி செய்து காட்டு என்றால் எதை அழுத்துவது? நீங்கள் படித்தவர். அலாரம் என்று இங்கிலீஷில் போட்டிருந்தால் முதல் எழுத்து எப்படி இருக்கும்? பேப்பர் வேண்டாம், அவள் பார்த்துவிடுவாள். இப்படி என் உள்ளங்கையில் வரைந்து காட்டுங்கள்.

ஏன் கையை இழுத்துக்கொள்கிறீர்கள்? ஜீப் வந்துவிட்டது, பாருங்கள், எஸ்.ஐ. இறங்குகிறார். உங்களை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், நான் சொல்லவும் மாட்டேன். ஒரே ஒரு எழுத்து தம்பி. உங்கள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

கூரை மாதிரி இரண்டு பக்கம் சரிவா? நடுவில் ஒரு குறுக்குக் கட்டையா?

இன்னொரு தடவை போடுங்கள். அழுத்திப் போடுங்கள்.

இதோ வர்றேனுங்கய்யா.